எச்சில் தட்டும் பட்டமும்

வந்தவருக்குத் தங்க இடமும் உண்ண உணவும் கொடுப்பதை விலைபோட்டு, கணக்கு வைத்து, ஆள் பிடித்து நடத்தக் கற்றுக்கொடுப்பது விருந்தோம்பல் மேலாண்மைப் படிப்பு. மலேசியத் தமிழ் வீடுகளில் அதற்கு ‘ஹோட்டல் மேனேஜ்மெண்ட்’ என்றுதான் பெயர். ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரங்களிலிருந்து இந்தப் படிப்புக்காகக் கடல் கடக்கும் பிள்ளைகளில், ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பேரப் பிள்ளைகளும் உண்டு. மற்ற மாணவர்களுக்கு அவ்வளவாக எழாத ஒரு கேள்வி அவர்களுக்குப் புறப்படும் முன்பே, வீட்டுக்குள்ளேயே எழுந்துவிடுகிறது. “வெளிநாடு போய்ப் படிச்சிட்டு எச்சில் தட்டா எடுக்கப் போறே?” என்று ஏதாவது ஒரு மாமா கேட்காமல் இருப்பதில்லை. கேட்பவர் பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. அவர் அறிந்த ‘சேவை’ அப்படி இருந்தது.

இந்த ஊர்கள் இருக்கும் பேராக் மாநிலத்தின் ரப்பர்க் கதை கோலகங்சாரில் தொடங்குகிறது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் 9 அங்கே அனுப்பப்பட்டு, பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் பொறுப்பில் நடப்பட்டன. பிறகு காடுகள் கித்தா எனப்படும் ரப்பர்க் காடுகளாயின. கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு வெட்டு, பிறகு பால் எடுப்பு, கிராணி என்னும் எழுத்தரின் நிறுவை என்று தோட்டத்துக்கென்று ஒரு நாள்கணக்கு உண்டானது. மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் தொழிலாளர் குடியிருந்த லயம். பங்களாவில் நடந்ததும் விருந்தோம்பல்தான். துரைக்கு விருந்தாளிகள் வருவார்கள். மது வேண்டும், மேசை விரிப்பு வேண்டும், விடியும்வரை யாராவது விழித்திருக்க வேண்டும். பல பங்களாக்களில் குசினி ஹைனான் சீனர் கையில் இருந்தது. தண்ணீர் சுமப்பது, தோட்டம் பார்ப்பது, கார் ஓட்டுவது, பிள்ளை பார்ப்பது ஆகியவை தமிழர்களுக்கு வந்தன. காலனிக் கால ஐரோப்பியர் கிளப்புகள் பலவற்றில் ஆசியர்கள் வேலையாளாக நுழையலாம், விருந்தாளியாக நுழைய முடியாது.

லயத்து வீட்டிலும் விருந்து இருந்தது. வேறு தோட்டத்திலிருந்து உறவுக்காரர் வந்தால் கோழி அடிபடும். ஆனால் அந்த வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். வேலை முடிந்தால் பாத்திரம் பண்டங்களோடு வெளியேற வேண்டும். திருக்குறள் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்திருக்கிறது. விருந்தைப் பேணுவது வீடுடையவரின் கடமை. தோட்டத்து மக்கள் மூன்று, நான்கு தலைமுறைகளாக இரவல் வீட்டிலிருந்து விருந்து உபசரித்தார்கள். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோதுதான் அது இரவல் என்பது முழுதாக உறைத்தது. அந்த நெருக்கடியில் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) தொழிலாளரிடம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ. தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர். கடல் கடந்து சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர். அவர் காலத்தில் கல்விக்காகப் பயணம் செய்யும் திசை பலருக்குத் தமிழ்நாடாக இருந்தது. இன்றைய பிள்ளை மெல்பர்னையோ லண்டனையோ சுவிட்சர்லாந்தையோ பார்க்கிறது.

சுவிட்சர்லாந்தைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. உலகின் முதல் ஹோட்டல் பள்ளி 1893இல் லோசான் நகரில் ஜாக் சூமி என்பவரால் தொடங்கப்பட்டது. ஆல்ப்ஸ் மலையைப் பார்க்க ஐரோப்பாவின் பணக்காரர்கள் குவிந்தார்கள். அவர்களைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் போதவில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1922இல் இதைத் தன் பாடங்களில் ஒன்றாக்கியது. ஆனால் இந்தத் தொழிலின் பெரிய பெயரான சேசார் ரிட்ஸ் எந்தப் பள்ளியிலும் பட்டம் வாங்கவில்லை. 1850இல் நீடர்வால்ட் என்ற மலைக் கிராமத்தில், ஓர் உழவர் வீட்டில் பதின்மூன்றாம் பிள்ளையாகப் பிறந்து, மேசைப் பணியாளராகத் தொடங்கியவர். பள்ளிகள் செய்தது என்னவென்றால், ரிட்ஸ் ஆண்டுக்கணக்கில் கண்ணால் பார்த்துக் கற்றதைப் பாடவேளைகளாகப் பிரித்துப் போட்டதுதான். பரிமாறுவது, சமைப்பது, அறை ஒழுங்கு செய்வது, வரவேற்பு மேசை என்று கீழ்ப்படியிலிருந்தே தொடங்குகிறது பாடம். மேலாளராக வேண்டியவர் முதலில் படுக்கை விரிக்க வேண்டும் என்பதை உலகெங்கும் இந்தப் பள்ளிகள் விடாமல் கடைப்பிடிக்கின்றன.

போக, பணம் வேண்டும். அரசின் பிடிபிடிஎன் கல்விக்கடன் 1997 முதல் இருக்கிறது. ஆனால் அது உள்நாட்டுக் கல்விக்கூடங்களுக்கு மட்டும். வெளிநாட்டுக்குப் பெரும்பாலும் பெற்றோரின் ஊழியர் சேமநிதிதான் உடைகிறது. பிள்ளைகளின் உயர்கல்விக்கு அதன் ஒரு பகுதியை எடுக்கலாம். 1996இல் வந்த தனியார் உயர்கல்விச் சட்டத்துக்குப் பிறகு பெருகிய இணைப்புப் படிப்புகள் வழியாக, முதல் ஆண்டுகளைக் கோலாலம்பூரில் முடித்துக் கடைசி ஆண்டுக்கு மட்டும் விமானம் ஏறுவோரும் உண்டு. வெள்ளியின் மதிப்பு இவர்களுக்குத் தினசரிச் செய்தி. 1998 முதல் 2005 வரை ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டி நிறுத்தியிருந்த மாற்று விகிதம், 2024இன் தொடக்கத்தில் 4.70ஐத் தாண்டியிருந்தது. மேலே படி ஏற ஏற ஏணி நீள்வது போன்ற கணக்கு அது.

முதல் பருவத்தில்தான் கைக்குச் சோதனை. இடக்கையால் பரிமாறாதே என்று அடித்து வளர்க்கப்பட்ட கை அது. வாழையிலையின் நுனி எந்தப் பக்கம், உப்பு எங்கே, இனிப்பு எங்கே என்று அதற்குத் தெரியும். மேல்நாட்டுப் பரிமாறலின் சில மரபுகளிலோ, விருந்தினரின் இடப்புறம் நின்று இடக்கையால் தட்டு வைப்பதுதான் மரியாதை, முழங்கை அவர் முகத்தில் இடிக்காமல் இருப்பதற்காக. காரணம் சொன்னால் மூளை ஏற்றுக்கொள்ளும். கை ஏற்க இரண்டு வாரம் ஆகும்.

அடுத்தது எச்சில். பிற மொழி மாணவர் பலருக்கு மீந்த தட்டு வெறும் அழுக்குத் தட்டு. தமிழில் அதற்குத் தனிச் சொல்லும், அந்தச் சொல்லுக்குள் ஒரு சாதி வரலாறும் இருக்கின்றன. யார் இலை போடுவது, யார் இலை எடுப்பது என்பது ஊரில் யாருக்கு எந்த இடம் என்பதைக் காட்டியது. வியப்பு என்னவென்றால், அதே இலையைக் கோயில் அன்னதானத்தில் எடுத்தால் புண்ணியம். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலையில் தண்ணீர்ப் பந்தலில் நின்று, கையில் பெரிய பிளாஸ்டிக் பையோடு எச்சில் தட்டுகளை வாங்கிப் போடும் வங்கி அதிகாரியை யாரும் ஏளனம் செய்வதில்லை. சம்பளத்துக்குச் செய்தால் தாழ்வு, சும்மா செய்தால் உயர்வு என்றால், தாழ்வு வேலையில் இல்லை. விட்டுப் போக முடியுமா என்பதில் இருக்கிறது. வங்கி அதிகாரி மறுநாள் அலுவலகம் போய்விடுவார். பங்களா ஆயாவுக்கு மறுநாளும் பங்களாதான். வெளிநாட்டுப் பள்ளி கொடுக்கும் மிகப் பெரிய பாடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் எந்தப் பாடத்திட்டத்திலும் அது எழுதப்பட்டிருக்காது. ஷிப்ட் முடியும். சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டு, அதே விருந்தாளி நடக்கும் தெருவில் அவரைப் போலவே நடந்து போகலாம்.

வைன் வகுப்பு வீட்டுக்குச் சொல்லப்படுவதில்லை. சொன்னாலும் பாதிதான் சொல்லப்படும். தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது. வேலை முடிந்து ஆண்கள் போகும் இடம் அதுதான், கூலியின் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1946-47இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து இறங்கியதற்குப் பின்னால், சம்பளத்தை வீட்டில் காணாத பெண்களின் கோபமும் இருந்தது. தோட்டத்தில் வளர்ந்த தாய்க்கு மது என்றால் இன்றும் அதுதான். மகன் அங்கே திராட்சை வகை, மண், வெயில், பீப்பாய் மரம் என்று மனப்பாடம் செய்கிறான். வாயில் வைத்துச் சுழற்றி, சுவையைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள பாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். விழுங்கினால் பத்தாவது கோப்பைக்குள் நாக்கு மழுங்கிவிடும். மது வகுப்பில் துப்பத்தான் சொல்லித் தருகிறார்கள் என்று அந்தத் தாயிடம் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் நம்புவதில்லை. மாட்டிறைச்சி வகுப்பு இன்னொரு சங்கடம். சமைத்தாக வேண்டும்; சுவை பார்ப்பதற்கு மாற்று ஏற்பாடு கேட்கலாம். கேட்டால் கிடைக்கும் என்பது பலருக்கு இரண்டாம் ஆண்டில்தான் தெரிகிறது.

இரண்டாம் ஆண்டுக்குமேல் படிப்பு கணக்காகிறது. நூறு அறைகள் உள்ள ஹோட்டலில் 70 அறைகள் சராசரி 300 வெள்ளிக்குப் போனால் வருமானம் 21,000. மொத்த அறைக்கு வகுத்தால் 210. விலையை 220க்கு இறக்கி 90 அறைகளை நிரப்பினால் வருவது 19,800; அறைக்கு 198. வாசல் நிறைய ஆள் இருக்கும் நாளெல்லாம் நல்ல நாள் அல்ல என்று இது சொல்கிறது. இலை நிறைய ஆள் உட்கார்ந்தால்தான் விசேஷம் என்று வளர்ந்தவருக்கு இது புதுச் செய்தி. சாப்பாட்டிலும் அப்படியே. இன்று எத்தனை பேர் உண்பார்கள் என்ற எண்ணிக்கை தெரியாமல் அடுப்பு மூட்டக் கூடாது, ஒரு தட்டுக்கு ஆகும் பொருட்செலவு விற்கும் விலையில் இத்தனை விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, மீந்ததை நிறுத்து எழுத வேண்டும்.

இவ்வளவையும் கற்கும் மாணவரின் சொந்த நிலை விசித்திரமானது. விருந்தினரை எப்படி நடத்துவது என்று பகலில் படிக்கிறார். அந்த நாட்டில் தான் யார் என்பதை விசாத் தாள் சொல்கிறது. பிரிட்டனில் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்குமேல் சம்பளத்துக்கு உழைக்கக் கூடாது. தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லின் அடிப் பொருள் புதுமை. புதிதாக வந்தவரே விருந்து. அந்தப் பொருளில் பார்த்தால் இந்த மாணவரைவிட முழுமையான விருந்து கிடையாது. ஆனால் கல்லூரிக்கு அவர் கட்டணம் கட்டுபவர், உணவகத்துக்கு வேலையாள், அறை வாடகைக்கு விட்டவருக்குக் குடியிருப்பவர். கொரோனா முடக்கத்தின்போது, 2020 ஏப்ரலில், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத வெளிநாட்டு மாணவர்கள் ஊர் திரும்பலாம் என்று ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசன் சொன்னபோது, மூடிக்கிடந்த உணவகங்களில் வேலை இழந்தவர்களில் விருந்தோம்பல் மாணவர்களும் இருந்தார்கள். பாடநூலில் அதற்கு ஓர் அத்தியாயம் போடலாம்.

பட்டத்தோடு ஈப்போவுக்கே திரும்பினால் என்ன கிடைக்கிறது? ஊரில் தொழிலுக்குக் குறைவில்லை. கட்டடக் கலைஞர் ஹப்பேக் வடிவமைத்து 1917இல் திறக்கப்பட்ட ரயில் நிலையத்துக்குள்ளேயே ஒரு காலத்தில் ஹோட்டல் நடந்தது; இன்று பழைய கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகின்றன, தம்பூன் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ஓய்வில்லங்கள் எழுந்துள்ளன. பத்து காஜா அருகே கெல்லீஸ் காஸலுக்குச் சீட்டு வாங்கிப் போகலாம். ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித், தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. விருந்தாளிகளுக்கு மின்தூக்கியும் மொட்டைமாடியும் திட்டமிட்டவர் 1926இல் லிஸ்பனில் இறந்துபோனார், வீடு முடியவேயில்லை. அருகில் தொழிலாளருக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரையில், தெய்வங்களின் நடுவே அவருக்கும் ஓர் உருவம் இருக்கிறது. வீட்டுக்காரன் குடியேறாத வீட்டில் இன்று விருந்தாளிகள் மட்டும் வந்து போகிறார்கள்.

சம்பளம் வேறு கதை. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வரவேற்பு மேசையில் தொடங்குபவர் அதற்கு வெகு தூரம் மேலே போவதில்லை. ஹோட்டல் ஊழியருக்கு இன்னொரு வரவு சர்வீஸ் பாயிண்ட். விருந்தினர் ரசீதில் போடும் பத்து விழுக்காட்டுச் சேவைக் கட்டணத்தை ஊழியருக்குப் புள்ளி வைத்துப் பிரிப்பார்கள். கூட்டம் வந்த மாதம் ஏறும், வராத மாதம் இறங்கும். ரப்பர் விலைக்கும் பால் எடைக்கும் ஏற்பக் கூலி ஏறி இறங்கியதைப் பார்த்த பாட்டிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அந்தக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று ஹோட்டல் தொழிலாளர் சங்கம் நீதிமன்றம் ஏறி, 2021இல் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று வென்றது. ஆனாலும் சம்பளம் போதாமல் பலர் சிங்கப்பூருக்கோ கப்பலுக்கோ துபாய்க்கோ மறுபடி பெட்டி கட்டுகிறார்கள். அவர்கள் விட்டுப்போன ஈப்போவின் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளில் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள் பரிமாறுகிறார்கள். நூறாண்டுக்கு முன் வந்த அதே கடல்வழியில், இப்போது விமானத்தில்.

தங்கிவிடுபவர்களில் சிலர் கேட்டரிங் தொடங்குகிறார்கள். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள். தலைக்கு இத்தனை வெள்ளி, ஐந்நூறு தலை, முன்பணம் பாதி. பள்ளியில் கற்ற கணக்கு நன்றாகவே உதவுகிறது. உதவாத இடம் ஒன்று உண்டு. ஆண்டுத் திருவிழாவுக்கு, செம்பனைக் காட்டுக்கு நடுவில் கோயில் மட்டும் மிஞ்சியிருக்கும் பழைய தோட்டங்களுக்கு எங்கெங்கோ குடியேறியவர்கள் திரும்பி வருவார்கள். அந்த அன்னதானச் சமையலைப் படித்த பிள்ளையிடம் ஒப்படைத்தால் அது கேட்கும் முதல் கேள்வி, எத்தனை பேர் வருவார்கள் என்பது. விழாக் குழுவின் நோட்டில் அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் டின், கொடுத்தவர் பெயர் எல்லாம் ஆண்டுவாரியாக இருக்கும். சாப்பிட்டவர் எண்ணிக்கைக்கு அதில் பத்தியே போட்டிருக்க மாட்டார்கள்.