வண்டலும் வழுவும்: நீர்நிலை மாசும் பொறுப்பின் எல்லையும்

முன்னுரை

நீர் ஓடும் இயல்பினது. வண்டல் தங்கும் இயல்பினது. நீர்நிலைக்கு மனிதர் இழைக்கும் தீங்கும் இவ்விரு வழிகளிலேயே செல்கிறது. ஓடும் நீரோடு அது கீழ்மடை மக்களைச் சேர்கிறது. படியும் வண்டலோடு பின்வரும் தலைமுறையைச் சேர்கிறது. தீங்கு செய்தவரும் அதனைத் துய்ப்பவரும் ஒரே இடத்திலோ ஒரே காலத்திலோ இருப்பதில்லை. இந்நிலையில் பொறுப்பின் எல்லை எதுவரை என்னும் வினாவைப் பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஏரியின் நிலை

மழைநீரைத் தேக்கி வயலுக்கு விடுதற்கென அமைந்த ஏரித்தொடரில் ஒன்று பெல்லந்தூர். நகரம் விரிந்தபோது வயல்கள் கட்டடங்களாயின. மழைநீர் வந்த கால்வாய்களில் வீட்டுக் கழிவுநீர் வந்தது. 2015 மே மாதத்தில் ஏரியின் நுரை தீப்பற்றியது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் அங்கு மீண்டும் நெருப்பு எழுந்தது. நீர்நிலை எரிந்த காட்சி நாடெங்கும் பேசப்பட்டது.

எனினும், ஈண்டு ஆழ்ந்து நோக்கத்தக்கது மேலே மிதந்த நுரையன்று. அடியில் கிடக்கும் சேறே ஆகும். சலவைத்தூளின் வழியும் மலக்கழிவின் வழியும் வரும் பாஸ்பரஸ், இரும்புச் சேர்மங்களோடு பிணைந்து அடிவண்டலில் படிகிறது. அழுகும் பொருள்களால் நீரின் உயிர்வளி தீர்ந்தபின் அப்பிணைப்பு தளர்கிறது. படிந்த பாஸ்பரஸ் மீண்டும் நீரில் கலந்து பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கிறது. கழிவுநீர் வரத்து முற்றிலும் நின்றாலும் பழைய வண்டல் பல ஆண்டுகள் ஏரியைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

இவ்வேரியின் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையை அடைந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கும் நுரை பொங்கியது பலமுறை செய்தியாயிற்று. அந்நீரைப் பாய்ச்சும் உழவருக்கும் பெங்களூருவில் துணி துவைப்பவருக்கும் அறிமுகமே இல்லை.

மனத்தூய்மையும் செயலின் விளைவும்

திருக்குறளின் 'அறன் வலியுறுத்தல்' அதிகாரம் மனத்தூய்மையையே அறத்தின் நிலைக்களனாகக் காண்கிறது. இக்கருத்தின் முன் ஒரு சிக்கல் எழுகிறது. துணி துவைப்பவர் மனத்தில் யாருக்கும் தீங்கு செய்யும் எண்ணமில்லை. ஆயினும் ஆறு கெடுகிறது. எல்லார் மனமும் தூயதாயிருக்க, நீர் மட்டும் மாசடைவது எங்ஙனம்?

அறியாதவரை அவரது மனம் மாசற்றதே எனலாம். அறிந்தபின் காணாதிருத்தல் மனத்தின் மாசேயாகும். இதிலும் அனைவர் பங்கும் ஒத்ததன்று. கழிவுநீர்க் குழாய் செல்லாத இடத்தில் கட்டடம் எழ இசைவளித்தோர்க்கும் அதனால் பொருளீட்டியோர்க்கும் மாற்றுவழி தேரும் ஆற்றல் இருந்தது. வாடகை வீட்டில் குடியிருப்போர்க்கு அஃது இல்லை. ஆற்றலின் அளவே பொறுப்பின் அளவு எனக் கொள்ளுதல் தகும்.

கொடை சுமையாதல்

கோடையில் ஏரி வண்டலை வண்டியிலேற்றி வயலுக்கு உரமாக இடுவது உழவர் வழக்கம். வண்டல் என்னும் சொல்லே தமிழில் வளத்தைக் குறித்தது. 2020ஆம் ஆண்டளவில் பெல்லந்தூரில் தூர்வாரும் பணி தொடங்கியபோது, அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது என்பதே வினாவாயிற்று. கழிவுநீர் படிந்த சேற்றை ஆய்ந்து பாராமல் வயலில் இடலாகாது. முன்னோர் விட்டுச்சென்ற கொடை, பின்னோர் சுமக்கும் சுமையாயிற்று.

நிறைவுரை

பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய குடபுலவியனார், நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குவோர் உலகில் நிலைத்த புகழ் பெறுவர் என்று அறிவுறுத்துகிறார் (புறம். 18). ஏரி அமைத்தோர் புகழ் அவர் வாழ்நாளைக் கடந்து நிற்கும் என இம்மரபு ஏற்கிறது. அவ்வாறாயின், ஏரியைக் கெடுத்தோர் பொறுப்பும் அவர் வாழ்நாளோடு முடிவதில்லை என்பதையும் ஏற்றல் வேண்டும். கழிவை நிறுத்துவதோடு கடமை தீர்ந்ததெனக் கொள்ளலாகாது. அடியில் தங்கியதை அகற்றும் வரை அது தொடர்கிறது.