வேலைநிறுத்தமும் அமானிதமும்



2019 ஜனவரி 22 அன்று தமிழகமெங்கும் ஜாக்டோ ஜியோ வேலைநிறுத்தம் தொடங்கியது. நம் திண்டுக்கல் ஆசிரியர்கள் முன்னும் அதே கேள்வி: போராட்டத்திற்குப் போவதா, வகுப்புக்குப் போவதா?

முக்கியக் கோரிக்கை பழைய ஓய்வூதியம். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்புத் திட்டம். சம்பளத்தில் 10 சதவீதம் பிடிக்கப்பட்டது. முதுமையில் மாதம் இவ்வளவு என்ற உறுதி அப்போது இருக்கவில்லை.

"தெரிந்துதானே சேர்ந்தீர்கள்?" என்று கேட்பார்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி சூரா அல்மாயிதாவின் முதல் வசனம் கட்டளையிடுகிறது, உண்மைதான். ஆனால் ஒப்பந்தத்தை மாற்றித் தரும்படி கேட்பது அதை முறிப்பதாகாது.

2003 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. அது நீதிமன்றத்தின் தீர்ப்பு. நாம் அல்லாஹ்விடமும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத ஒருவர் இருக்கிறார்: பொதுத்தேர்வுக்குக் காத்திருக்கும் மாணவர். டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளை. அரசாங்கத்தின் மீதுள்ள கோபத்திற்கு அந்தப் பிள்ளையா விலை கொடுப்பது?

ஆகவே, போகிறவர் அந்த நாட்களின் சம்பளத்தை எதிர்பார்க்காமல் போகட்டும். விட்ட பாடத்தை விடுமுறையில் நடத்தித் தரட்டும். போகாதவர், போனவரைப் பழிக்காமல் அவருடைய வகுப்பையும் கவனிக்கட்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு வகுப்பெடுக்காமல் இருப்பதுதான் அமானித மோசடி.

உரிமையைக் கேட்கும்போதும் பிறர் உரிமையைப் பேணும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.