வழிநாள் வீண்நாளோ?



வெளிநாடுகளைச் சுற்றிப் பார்க்கச் செல்வோர் கையில் வைத்திருக்கும் பயண நிரலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் இன்ன கோயில், இரண்டாம் நாள் இன்ன அருவி, மூன்றாம் நாள் இன்ன சந்தை என்று ஒவ்வொரு நாளுக்கும் நாலைந்து வரிகள் எழுதப்பட்டிருக்கும். நடுவே ஒரு நாளுக்கு மட்டும் "பயணம்" என்ற ஒரே சொல் நிற்கும். ஓரூரில் இன்பம் முடிந்து மற்றோரூரில் இன்பம் தொடங்குவதற்கு இடையே கழியும் நாள் அது. நிரலை எழுதியவருக்கு அதற்குமேல் எழுத ஒன்றும் தோன்றவில்லை. படிப்பவரும் அதனைத் தாண்டியே படிப்பர். ஊர் திரும்பியபின் விசாரித்தால், "அந்த நாள் வீணாகப் போயிற்று" என்பர்.

அப்படிச் சொல்வது தகுமா என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம். பஞ்சசீலத்தைப் பற்றி எழுதவேண்டிய பக்கத்தில் பெட்டி படுக்கையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஒரு நாளைப் பூஜ்யமாக எண்ணுகிறவன், அந்த நாளில் தன்னெதிரே வருகிற மனிதரை என்னவாக எண்ணுகிறான் என்ற கேள்வி இதனுள் அடங்கியிருப்பதாலேயே எழுதத் துணிந்தோம்.

பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். ஆதலின் நாம் நம் சங்கத்தார் எழுவரோடு சென்றுவந்த ஒரு வழியையே எடுத்துக்கொள்வோம். லாவோஸ் நாட்டில் லுவாங் பிரபாங் என்றொரு பழம்பதி உண்டு. மேகோங் ஆறும் கான் ஆறும் கூடுமிடத்தில் அமைந்த அவ்வூர், 1995 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. 1560ஆம் ஆண்டையொட்டிச் சேத்தாதிராத் என்னும் மன்னன் கட்டிய சியெங் தோங் விகாரை இன்றும் அங்கே நிற்கிறது. விடியற்காலையில் பிக்குகள் வரிசையாகப் பாத்திரமேந்தி வர, வீட்டார் தெருவோரத்தில் அமர்ந்து ஒட்டரிசிச் சோற்றைச் சிறு பிடியாக எடுத்து இடுவர். ஊரின் பெயரே பிரபாங் என்னும் புத்தப் படிமத்தால் வந்தது. அப்படிமம் இலங்கையில் வார்க்கப்பட்டது என்பது அந்நாட்டார் ஐதிகம். சயாமியர் அதனை இருமுறை கவர்ந்து சென்றனர். இருமுறையும் அது திரும்பி வந்தது. ஊருக்குப் பெயர் தந்த பெருமானே பெரும் பயணி!

தெற்கே வாங் வியெங் என்னும் மற்றோரூர் இருக்கிறது. சோங் ஆற்றங்கரையில் சுண்ணாம்புக் கல் மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்க, பயணிகள் ரப்பர் வளையங்களில் அமர்ந்து ஆற்றில் மிதப்பர். குடித்துவிட்டு ஆற்றில் இறங்கி மாண்ட இளைஞர் தொகை பெருகியபின், 2012இல் அரசாங்கமே கரையோர மதுக்கடைகளை மூடவேண்டியதாயிற்று. அதைப் பற்றி இங்கு விரிக்கப் புகவில்லை.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்டதே நம் விஷயம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் போடப்பட்ட பதின்மூன்றாம் எண் சாலை, மலை முகடுகளின்மேல் வளைந்து வளைந்து செல்கிறது. ஐந்து மணி நேரமும் ஆகலாம், ஏழு மணி நேரமும் ஆகலாம். மழையில் மண் சரிந்தால் கணக்கேயில்லை. 2021 டிசம்பர் 3ஆம் நாள் சீன எல்லையிலிருந்து தலைநகராகிய வியன்டியான் வரை ரயில் ஓடத் தொடங்கியபின், அதே தூரம் ஏறக்குறைய ஒரு மணி நேரமாகச் சுருங்கிற்று. நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அப்பாதையில் சுரங்கவழிகள் மட்டும் 75. பாதையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பகுதி மலைக்குள்ளேயே செல்கிறது. ஆகவே ரயிலில் அமர்ந்தவன் மலையைக் காண்பதைவிட மலையின் உட்புறத்து இருட்டைத்தான் பெரிதும் காண்பான்.

ரயிலை நாம் குறைகூற வரவில்லை. மலைநாட்டு நோயாளி தலைநகர் மருத்துவமனைக்கு ஒரே காலையில் சென்று சேர்வது சிறிய நன்மையா? நமக்கு அன்று ரயிலில் இடம் கிடைக்கவில்லை. அதனால் சாலை வழியே வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டோம்.

அச்சாலையில் கண்டவற்றுள் ஒன்றைச் சொல்லவேண்டும். முகட்டில் சமமான தரை சாலை மட்டுமே ஆதலால், வீடுகளெல்லாம் சாலையோரத்தில் வரிசையாக நிற்கின்றன. பின்புறம் பள்ளத்தில் இறங்கும் கால்களின்மேல் அவை நிறுத்தப்பட்டுள்ளன. குழந்தைகளுக்கு விளையாடுமிடம் சாலை. நெல் உலர்த்துமிடம் சாலை. மலைச்சரிவில் அறுத்த துடைப்பப் புல்லை விதை உதிரத் தட்டிப் பெண்கள் பரப்புமிடமும் சாலை. விடுமுறைக்கு வந்தவனுக்கு எது இரண்டூர்களுக்கு இடைப்பட்ட வெறும் வழியோ, அது அவர்களுக்கு முற்றம், களம், பட்டறை எல்லாம். நம் வேனின் முன்னே ஒரு மூதாட்டி தன் புல்லை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டாள். நாம் கடந்ததும் அதனை மறுபடி விரித்தாள். நாளொன்றுக்கு எத்தனை முறை இப்படி இழுத்து விரிப்பாளோ!

இதனை நமக்கு நன்றாக விளங்கவைத்தது நூற்பாலை. பல ஆண்டுகள் நாம் நூற்புப் பகுதியில் உழைத்தோம். பாபின்களில் நூல் நிறைந்ததும் இயந்திரத்தை நிறுத்துவர். இளைஞர் சிலர் ஓடிவந்து நிறைந்த பாபின்களைக் கழற்றி, வெற்றுப் பாபின்களைச் செருகி, அறுந்த இழைகளைப் பிணைத்துவிட்டு விலகுவர். இயந்திரம் மறுபடி ஓடும். அலுவலக ஏட்டில் அந்த நிமிடங்கள் நிறுத்தம் என்ற பத்தியில் விழும், அதாவது நஷ்டம். மாதக் கடைசியில் அந்தப் பத்தியைக் குறைக்கும்படி மேஸ்திரிக்கு நெருக்கடி வரும். ஆனால் பாபின் மாற்றும் அந்த இளைஞருக்கோ, இயந்திரம் நின்றிருக்கும் அந்த நிமிடங்களே வேலை. வயிறு நிரம்புவதும் அவற்றாலே. இயந்திரம் ஓடும் நேரத்தில் அவர்களை எவரும் பார்ப்பதில்லை. நின்ற நேரத்திலோ, அவர்கள் நஷ்டத்தின் பத்தியில் நிற்பவர்கள். ஏடு எழுதிய குமாஸ்தா பொல்லாதவரல்லர். அவருடைய ஏட்டில் அப்படியொரு பத்தி இருந்தது, அவ்வளவே.

பயண நிரலும் அத்தகைய ஓர் ஏடு. அதில் வழிநாள் நிறுத்தம் என்ற பத்தியில் விழுகிறது. அந்த நாளில் நமக்காக விழித்தவர், சுமந்தவர், ஓட்டியவர், சமைத்தவர், சீட்டுக் கிழித்தவர் யாவரும் அதோடு சேர்ந்து அப்பத்தியில் விழுகின்றனர். விகாரையின் முன்னே கைகூப்பிச் சிறு குரலில் பேசிய அதே மனிதர், மறுநாள் ரயில் நிலையத்தில் சோதனைக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னதும் சீறுவதை நாம் கண்டிருக்கிறோம். கத்தியும் அழுத்தக் குப்பிகளும் அந்த ரயிலில் கொண்டுபோகலாகாது என்பது விதி. எடுத்து வைத்துவிட்டுப் போகச் சொல்வர். முதல்நாள் அவருக்கிருந்த மைத்திரி எங்கே போயிற்று? அது ஊருக்கென்று ஒதுக்கப்பட்டது போலும். வழிக்கு ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. எண்ணிக்கையில் சேராதவராய் வாழ்வது இன்னதென்று நம் சமூகத்தாருக்கு வேறெவரும் வந்து சொல்லவேண்டியதில்லை. ஆதலாலேயே இந்தப் பழக்கம் நம்மிடம் தலைகாட்டும்போது நமக்கு மிகவும் கூசுகிறது.

நம்முடன் வந்த அன்பர் ஒருவர் இதற்கு மறுப்புச் சொன்னார். "ஐயா, நான் ஏழாண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் எட்டு நாள் வந்தவன். செல்வன் ஒரு நாளை இழந்தால் அவனுக்கு வேறு நாள் உண்டு, எனக்கு இல்லை. எட்டில் ஒன்று வண்டியில் போனால் என் மனம் நோகாதா?" என்றார். நியாயமான கேள்வி. வருத்தம் அவருடையது, அதனைப் பாவம் என்று நாம் சொல்லமாட்டோம். ஏழாண்டு உழைப்பை அறியாதவரே அவரைக் கடிந்துகொள்ளலாம். ஆயினும் அந்த நோவு யார்மேல் இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். வழி நெடியதாயிருப்பதற்குக் காரணம் மலை. கடிந்த சொல்லைக் கேட்பவரோ ஓட்டுநர். அவரும் சீட்டுக் கட்டுகிறவராகவே இருப்பார்.

இன்னும் ஒன்று. லாவோஸ் நாடு முழுவதையுமே ஒருகாலத்தில் பிறர் இடைவழியாக எண்ணினர். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் ஏறக்குறைய 5,80,000 முறை பறந்து, 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகளை அச்சிறு நாட்டின்மேல் வீசின. வியட்நாம் போருக்கான பாதை அதன் காடுகளூடே சென்றது ஒரு காரணம். உள்நாட்டுப் போர் மற்றொன்று. மூன்றாவது காரணம் கேட்கவே மனம் நடுங்குவது. வட வியட்நாமில் இலக்கின்மேல் வீசமுடியாமல் திரும்பிய விமானங்கள், தாய்லாந்துத் தளங்களில் குண்டுகளோடு இறங்குவது ஆபத்தென்று, வழியில் லாவோஸின்மேல் அவற்றை உதிர்த்துவிட்டுச் சென்றதும் உண்டு. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் 27 கோடி என்று கணக்கிடுகின்றனர். அவற்றுள் நூற்றுக்கு முப்பது வரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. போர் ஓய்ந்தபின் அவற்றால் மாண்டோரும் உறுப்பிழந்தோரும் இருபதாயிரத்துக்கு மேல். ரயில் பாதைக்கு மண் வெட்டுமுன்னும் குண்டு தேடவேண்டியிருந்தது. விடுமுறைப் பயணியையும் அந்த விமானியையும் ஒரே தட்டில் வைப்பது நம் கருத்தன்று. ஆனாலும் கீழேயிருப்பது ஊரன்று, இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள வெளி என்ற நினைப்பு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை அந்த மண்ணே காட்டுகிறது.

பகவான் புத்தரின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மகாமாயா தேவியார் கபிலவஸ்துவிலிருந்து தாய்வீட்டுக்குச் செல்லும் வழியில், லும்பினித் தோப்பில் அவரை ஈன்றார். பாவாவிலிருந்து குசிநகரம் செல்லும் வழியே அவருடைய இறுதி வழி. நாம் பேசவந்த வழிநாளுக்கு அந்தக் கடைசி நாள்போல் வேறொன்று இல்லை. சுந்தன் என்னும் கொல்லன் வீட்டில் உண்டபின் கடும் நோய், நடுவழியில் தாகம். ஆனந்தர் நீர் மொள்ளச் சென்ற ஓடையோ, ஐந்நூறு வண்டிகள் அப்போதுதான் கடந்து கலக்கியது. அந்த வண்டிக்காரரை அவர் வைததாக நூல்களில் இல்லை. அந்த நாளிலேயே, தாம் விட்டுவந்த ஊரில் சுந்தன் தன்னால் இப்படி ஆயிற்றே என்று நைந்துபோவானே என்று கவலைகொண்டு, அவன் இட்ட உணவு பெரும்பயன் தருவதே என்று அவனுக்குத் தேறுதல் சொல்லும்படி ஆனந்தரைப் பணித்தார். உடல் ஒடிந்து போகும் வழியில், முந்திய ஊரில் சோறிட்டவனை நினைத்தார்!

வஸ்ஸ காலத்து விதி எவ்வாறு பிறந்தது என்பதும் இங்கே பொருந்தும். மழைக்காலத்தில் பிக்குகள் ஊரூராய்ச் செல்லும்போது பசும்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என்று மக்கள் குறைகூறினர். அந்தக் குறையைக் கேட்டே மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் விதி ஏற்பட்டது. பிக்குகள் புறப்பட்ட ஊரிலும் சேர்ந்த ஊரிலும் எவரும் குறை சொல்லவில்லை. குறை எழுந்தது நடுவில், கால் பட்ட இடத்தில். லாவோஸில் இன்றும் ஜூலை முதல் அக்டோபர் வரை பிக்குகள் அவ்விதியைக் காக்கின்றனர்.

சாலைக்கு வருவோம். பூக்குன் என்னும் ஊரில் கிழக்கே சியெங் குவாங் செல்லும் சாலை பிரிகிறது. அங்கே உணவுக்கு நிறுத்தினோம். ஓட்டுநர் எட்டத்தில் தன் மூங்கில் கூடையைத் திறந்து ஒட்டரிசிச் சோறு உண்ணத் தொடங்கினார். நம்முடன் வந்த மூத்த அம்மையார், "அவர் ஏன் அங்கே? இங்கே வரச் சொல்லுங்கள்" என்றார். வந்தார். பேச மொழியில்லை. இளைஞர் ஒருவரின் கைப்பேசியில் இருந்த மொழிபெயர்ப்புக் கருவி அரைகுறையாக உதவிற்று. சிறுவயதில் நான்கு ஆண்டு சாமணேரராக இருந்தாராம். அந்நாட்டில் ஏழைச் சிறுவர் பலர் விகாரையில் தங்கியே படிக்கின்றனர். அம்மையார் சும்மா இருக்கவில்லை. திரிசரணத்தைச் சொல்லத் தொடங்கினார். இரண்டாம் சொல்லிலேயே ஓட்டுநர் கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டுக் கைகூப்பிச் சேர்ந்துகொண்டார். ராகம் வேறு, உச்சரிப்பு வேறு, சொல் ஒன்றே. பஞ்சசீலம் முடியும்வரை இருவரும் நிறுத்தவில்லை. கடைக்காரப் பெண் அடுப்பை விட்டு வந்து நின்றாள். எட்டு நாளில் ஒன்று போயிற்றே என்று வருந்திய அன்பர் தம் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

மறுபடி புறப்படுமுன், எப்போது வீடு திரும்புவீர் என்று அவரைக் கேட்டோம். உங்களை இறக்கிவிட்டு இன்றிரவே, இதே சாலையில், வெறும் வண்டியோடு என்றார். வழியில் ஏதேனும் வாங்கவேண்டுமா என்று அம்மையார் கேட்டதற்கு, துடைப்பப் புல் ஒரு கட்டு வாங்கி வரும்படி மனைவி சொல்லியிருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.