முதுமையும் ஆசாரமும்

பெட்டாலிங் ஜெயாவின் சித்தி விநாயகர் ஆலயத்துக்கு நாள்தோறும் சென்றுவந்த முதியவர் ஒருவர், அபிஷேகம் முடியும்வரை சிறுநீரை அடக்க முடியாதென்றும், வேட்டியில் ஒரு துளி பட்டாலும் ஆசாரம் கெட்டுவிடுமென்றும் அஞ்சி, வீட்டாரிடம்கூடக் காரணம் சொல்லாமல் தரிசனத்தையே நிறுத்திக்கொண்டாரானால், அது தர்மமா என்று கேட்டே ஆகவேண்டும்.

சுவரில் கையூன்றி நெடுநேரம் நின்றும் நூலிழையாகவே வந்து, வேட்டியைக் கட்டியபின் மீண்டும் சொட்டுகிற அந்த நீர், அவருடைய ஒழுக்கத்தின் குறையன்று. பெரும்பாலும், மூத்திரப்பைக்குக் கீழே நீர்வழியைச் சூழ்ந்துள்ள பிராஸ்டேட் சுரப்பி வயதோடு பருத்து அவ்வழியை நெருக்குவதன் விளைவு. 60 வயதில் ஏறக்குறையப் பாதி ஆண்களிடம் இவ்வளர்ச்சி காணப்படுகிறது.

பட்டினத்தார் தேகத்தைப் பழித்தது பற்றறுப்பதற்கே. நோயை மறைப்பதற்கு அது ஆதாரமாகாது. திருமூலரோ உடம்பினுள் இறைவன் உறைவதை உணர்ந்து அதனைப் பேணியவர். தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் ஆன்மாவின் பக்குவத்துக்காக ஈசன் அருளியவை என்று சைவ சித்தாந்தம் கூறும்போது, அவன் தந்த கருவியைச் சீர்செய்ய நாணுவது வைராக்கியமாகுமா? ஆகாதென்பதே என் திடமான அபிப்பிராயம்.

ஆகவே, படுக்கைக்குமுன் தே தாரேக் வேண்டாம். சளிக்கான சில மாத்திரைகள் நீரை அடைத்துவிடக்கூடும் என்பதும் நினைவிருக்கட்டும். இதற்கான மருந்துகளில், டாம்சுலோசின் சில நாட்களிலேயே நீர்வழியைத் தளர்த்தத் தொடங்கும். ஃபினாஸ்டிரைடு பலன்தர 6 மாதமாகலாம். இரண்டையும் வைத்தியர் சொற்படியே உண்ணவேண்டும். சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, நீர் அறவே நின்றாலோ, மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்றதோர் ஆஸ்பத்திரிக்கு அன்றே செல்லவேண்டும். மற்ற நாட்களில், உள்ளாடையில் பஞ்சுப்பட்டை வைத்துக்கொண்டு சந்நிதியில் நிற்பதில் யாதொரு தோஷமும் இல்லை.