சூதும் சுவையும்

விளையாட்டில் இன்பம் நாடுவது மனித இயல்பு. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவ்வின்பத்தால் யார் பயனடைகின்றனர் என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் மனிதர் மனிதரோடு மோதுகின்றனர். சூதாட்ட விடுதிகளில் வழங்கும் அதன் கிளையாட்டங்கள் பலவற்றில், ஆடுபவர் விடுதியோடு மட்டுமே பொருதுகின்றார். 1994இல் டெரெக் வெப் என்னும் பிரித்தானியர் வகுத்த ‘மூன்று சீட்டுப் போக்கர்’ அத்தகையது. ஐந்து சீட்டாட்டத்தில் ஓரினச் சீட்டுகள் தொடர்வரிசையை வெல்லும். மூன்று சீட்டிலோ தொடர்வரிசை அமையும் வழிகள் 720. ஓரினம் அமையும் வழிகள் 1,096. ஆகவே இங்கு அரிதான தொடர்வரிசையே உயர்ந்தது. இந்நுட்பம் அறிவுக்கு விருந்துதான். ஆயினும், எத்துணைத் திறமையாக ஆடினும், வழமையான விதிப்படி முதற் பணயத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 3.4 பங்கு காலப்போக்கில் விடுதிக்கே சேரும். இங்கே களவில்லை, கணக்கே கறந்துவிடுகின்றது.

இவ்வாட்டத்தால் பொருளீட்டிய வெப், பின்னர் பிரித்தானியப் பந்தயக் கடைகளிலிருந்த சூதாட்டப் பொறிகளுக்கெதிராக இயக்கம் நடத்தினார். 2019 ஏப்ரலில் அப்பொறிகளின் உச்சப் பணயம் 100 பவுணிலிருந்து 2 பவுணாகக் குறைக்கப்பட்டது. இதனை முரணென நகைப்போர் நகைக்கட்டும். சூதாடியின் பலவீனத்தைத் தூற்றுவதிலும், அதனை விளைநிலமாக்கும் விதியை மாற்றுவதே மேலென்பதை நாம் இதிற் காண்கின்றோம்.

நண்பர் நால்வர் பணயமின்றி இவ்வாட்டத்தை ஆடிப் பார்க்கட்டும். சுவை குன்றாதெனின், விடுதி எதற்கு? குன்றுமெனின், நாம் சுவைத்தது ஆட்டத்தையா, ஆசையையா?