காணாமையும் இல்லாமையும்

ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்பதை அறிவு எவ்வழியாக அடைகிறது என்ற வினா இந்தியத் தருக்க மரபில் நெடுங்காலம் வழக்காடப்பட்ட ஒன்றாகும். குமாரிலரைப் பின்பற்றிய மீமாம்சகர், இன்மையை அறிய அனுபலப்தி, அதாவது காணப்படாமை, என்ற தனி அளவையே வேண்டும் என்றனர். நியாய நூலார் காட்சியளவையே அதற்குப் போதும் என்றனர். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி எண்ணிச் சொல்லும் அளவைகளுள்ளும் அபாவம், அதாவது இன்மை, இடம்பெறுகிறது. வேறுபட்டு நின்ற மீமாம்சகரும் நியாய நூலாரும் ஒரு நிபந்தனையை மட்டும் பொதுவாக ஏற்றனர்: இருந்திருந்தால் புலப்பட்டே தீரும் என்ற நிலையில்தான், புலப்படாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சமுள்ள தரையில் குடம் தென்படவில்லையென்றால் குடம் இல்லை எனலாம். இருளில் தென்படவில்லையென்றால் அவ்வாறு சொல்ல எவருக்கும் உரிமையில்லை. காணத்தக்கது காணப்படாமை என்ற பொருளில் இதனை யோக்கிய அனுபலப்தி என்பர். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த எண்ணெய் அகற்றும் பணியின்மீது மக்கள் கொண்ட ஐயம் நியாயமானதா என்று எடைபோட இந்த நிபந்தனை பெரிதும் உதவுகிறது.

அவ்வாண்டு ஏப்ரல் 20ஆம் நாள் லூசியானா கரைக்கு அப்பால் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடை வெடித்து 11 தொழிலாளர் மாண்டனர். அதன் கீழே ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த மகோண்டோ கிணறு 87 நாள் எண்ணெயைக் கக்கியது. முதலில் நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் என்றும், சில நாளில் 5,000 என்றும் அறிவிக்கப்பட்ட கசிவு, கடலடிக் காணொளி வெளியாகி வெளி ஆய்வாளர்கள் கணக்கிடத் தொடங்கிய பிறகு படிப்படியாக உயர்ந்து, ஆகஸ்டில் அரசின் அறிவியலாளர் குழுவால் 53,000 முதல் 62,000 பீப்பாய் வரை என வரையறுக்கப்பட்டது. கசிவின் அளவு பற்றிய தகவலை அமெரிக்க நாடாளுமன்றத்திடம் மறைத்த குற்றத்தையும் உள்ளிட்டுப் பல குற்றங்களை, கிணற்றை இயக்கிய பி.பி. நிறுவனம் 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது. அந்நாட்டின் தூய நீர்ச் சட்டம் அபராதத்தைப் பீப்பாய்க் கணக்கில் விதிப்பதால், எண்ணைக் குறைத்துச் சொல்வதில் சொல்பவருக்கு நேரடி ஆதாயம் இருந்தது என்பதையும் இங்கே கருத வேண்டும்.

உரையளவையை, அதாவது பிறர் சொல்லைக் கொண்டு அறிவதை, விளக்கும் நியாய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவராகிய ஆப்தருக்கு இரண்டு தகுதிகளை வேண்டுகிறார்: பொருளை நேரே அறிந்திருத்தல், அறிந்ததை அறிந்தவாறே உணர்த்தும் விருப்பம் உடைமை. குலமோ பதவியோ அதில் சேராது. இத்தகுதி முனிவருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்று அவர் தெளிவாகவே எழுதுகிறார். மகோண்டோவில் இவ்விரு தகுதிகளும் ஒருவரிடத்தில் சேரவே இல்லை. கடலடியை ரோபோக்களின் கேமராவால் கண்டுகொண்டிருந்தவர்க்கு உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம் குறைவு. சொல்ல விரும்பிய ஆய்வாளர்க்குக் காணும் வாய்ப்பு குறைவு. ஆகவே மக்கள் ஐயுற்றது அறியாமையால் என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது ஏற்கத்தக்கதன்று.

இதனினும் ஆழமான சிக்கல் துப்புரவின் முறையிலேயே இருந்தது. கோரெக்சிட் என்ற சிதறடிப்பான், அதாவது எண்ணெய்ப் படலத்தை நுண்துளிகளாக உடைத்து நீருக்குள் கலக்கச் செய்யும் வேதிக்கலவை, ஏறத்தாழ 70 லட்சம் லிட்டர் அளவுக்குப் பயன்படுத்தப்பட்டது; அதில் ஏறக்குறைய 29 லட்சம் லிட்டர், அதற்குமுன் எங்கும் செய்திராத வகையில், கிணற்றின் வாயிலேயே செலுத்தப்பட்டது. சதுப்புக் கரைகளைக் காக்கவும், நுண்துளிகளைப் பாக்டீரியா விரைவில் தின்னவும் இது உதவும் என்ற வாதத்தில் பொருள் உண்டு. ஆயினும், எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாததாக்கும் பொருளைத் தெளித்துவிட்டு, எண்ணெய் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைத் தூய்மைக்குச் சான்றாகக் காட்டுவது, விளக்கை அணைத்துவிட்டுக் குடமில்லை என்பதேயாகும். ஆகஸ்ட் 4ஆம் நாள் அரசு வெளியிட்ட எண்ணெய்க் கணக்கில் 26% மட்டுமே எஞ்சியதாகக் குறிக்கப்பட்டது. வெள்ளை மாளிகையின் எரிசக்தி ஆலோசகர் கரோல் பிரவுனர் எண்ணெயின் பெரும்பகுதி போய்விட்டது என்று தொலைக்காட்சியில் தெரிவித்தார். ஆனால் அக்கணக்கின்படியே கிணற்றில் நேரே பிடித்தது 17%, எரித்தது 5%, மேலிருந்து வழித்தெடுத்தது 3%. ஆக மனிதர் அகற்றியது நான்கில் ஒரு பங்கே. சிதறிய 24% நீருக்குள்தான் கலந்திருந்தது.

கிணறு முற்றாக மூடப்பட்டதென்று செப்டம்பரில் அறிவித்தபின், நவம்பரில் அதற்குத் தென்மேற்கே 11 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1,370 மீட்டர் ஆழத்தில், பவளக் கூட்டமொன்றை ஆய்வாளர்கள் கண்டனர். விசிறிபோல் விரிந்த கிளைகளில் பழுப்பு நிறப் பஞ்சுபோன்ற படிவு அப்பியிருந்தது. அதன் கீழே உயிர்த்திசு உரிந்து வெறும் எலும்புக்கூடு தெரிந்தது. படிவில் இருந்தது மகோண்டோ எண்ணெயே என்று 2012இல் நிறுவப்பட்டது.

இவ்வளவு சொன்னபின், ஐயத்துக்கும் அதே நிபந்தனையை விதிப்பதே நேர்மையாகும். நியாய நூல் ஐயத்தைப் பதினாறு பொருள்களுள் ஒன்றாக வைப்பது, அது ஆராய்ச்சியைத் தொடங்கி வைக்கும் என்பதற்காகவே. எந்தச் சான்று வந்தாலும் தீராதென முடிவுசெய்துகொண்ட ஐயம் ஆராய்ச்சியைத் தொடங்கவே விடாது. கடலடி வெடித்து ஆழிப்பேரலை எழும் என்ற வதந்தி அக்கோடையில் பரவியது இவ்வகையைச் சேர்ந்தது. மீனும் இறாலும் பற்றிய ஐயம் வேறு. ஒருகட்டத்தில் வளைகுடாவின் கூட்டாட்சிக் கடற்பரப்பில் 37% மீன்பிடிக்க மூடப்பட்டது. மீண்டும் திறக்குமுன், பயிற்சி பெற்ற சோதனையாளர்கள் மாதிரிகளைப் பச்சையாகவும் சமைத்தும் முகர்ந்தனர், பின் ஆய்வகத்திலும் சோதித்தனர். முகர்தலைப் பலர் எள்ளி நகையாடினர். ஆனால் எண்ணெய் இருந்தால் பயின்ற மூக்குக்கும் கருவிக்கும் அது புலப்படத்தக்கதாதலால், இங்கே காணாமை சான்றாகவே நின்றது. சிதறடிப்பானுக்கான வேதிச்சோதனை அக்டோபர் இறுதியில்தான் அறிவிக்கப்பட்டது என்பது அரசின் பிழை; அதுவரை மக்கள் தயங்கியதில் குற்றமில்லை.

சோதனையில் தேறிய இறாலையும் வாங்கத் தயங்கியோர் பலர். அந்த இழப்பைச் சுமந்தவர்கள் லூசியானாவின் மீனவர்கள். அவர்களுள் போருக்குப் பின் தாய்நாடு நீங்கி அங்கே வலைவீசி வாழ்ந்த வியட்நாமியக் குடும்பங்களும் உண்டு. கசிவின் அளவைக் குறைத்துச் சொன்னவர்களில் அவர்கள் எவரும் இல்லை.