ஆகாயப் பலகை

1

அக்காவின் மகன் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுக் கொழும்பிலிருந்து வந்திருக்கிறான். பையில் உடுப்பைவிடத் தாயக்கட்டைகள்தான் அதிகம். ஒன்றுக்கு இருபது முகம். காயப்போட்ட மிளகை அள்ளி உள்ளே வைத்த பிறகு, தங்கையின் பிள்ளைகள் இருவரையும் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தான். பலகை இல்லை, காய் இல்லை. இவன் கதை சொல்கிறான். தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். சந்தேகம் வந்தால் கட்டை உருள்கிறது.

கதையில் ஓர் ஆறு. வெள்ளம். பதினைந்துக்கு மேல் விழுந்தால் அக்கரை, இல்லாவிட்டால் ஆற்றோடு போக வேண்டியதுதான். சின்னவன் கட்டையை எடுத்துவிட்டான்.

“பொறுடா,” என்றாள் பெரியவள். “அண்ணா, போகும்போது இதே ஆத்துக்குக் குறுக்க நாங்க கயிறு கட்டினோமே. என்ன முடிச்சுன்னு கூட நீங்க கேட்டீங்க.”

அவன் சற்று யோசித்தான். “ஆமா, கட்டினீங்க. அப்ப உருட்டத் தேவையில்ல. புடிச்சிட்டு நடந்து வாங்க.”

அந்தக் கயிறு எந்தத் தாளிலும் இல்லை. அதற்கு நீளமில்லை, நிறையில்லை. மூன்று பேர் நினைவில் மட்டும் இருந்த கயிறு இரண்டு பேரைத் தாங்கி அக்கரை சேர்த்தது.

2

இரவு அவனிடம் கேட்டேன்: “கட்டை பெரிசா, கதை பெரிசா?”

சிரித்தான். “அதுக்குத்தான் மாமா ஐம்பது வருசமா சண்டை.”

அவன் ஆடவைத்த டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து அது கிளைத்தது. அந்தப் போர் விளையாட்டுக்கும் ஒரு பாட்டன் உண்டு. பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824இல் வெளியிட்ட பயிற்சி ஆட்டம் அது. வரைபடம், கட்டை, இழப்புகளைக் கணக்கிடும் அட்டவணைகள், நடுவே ஒரு நடுவர். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளை ஒதுக்கச் சொன்னார். போரை அறிந்த நடுவரின் தீர்ப்பே போதும் என்றார்.

ஆகவே சண்டைக்கு வயது ஐம்பது அல்ல, நூறையும் தாண்டிவிட்டது. அட்டவணை நடுவரின் ஓரவஞ்சனையைத் தடுக்கிறது. நடுவரோ அட்டவணைக்குத் தெரியாத கயிற்றைப் பார்க்கிறார்.

3

காலையில் தம்புள்ளை வீதியில் அலுவிகாரைக் குகைகள் வரை போய்வந்தேன். எங்கள் நகரிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை பிக்குகளின் நாவில் மட்டும் இருந்த திரிபிடகம் ஏட்டில் ஏறியது இந்தக் குகைகளில்தான் என்பது மரபு. பஞ்சமும் போரும் சொல்லத் தெரிந்தவர்களையே அழித்துவிடும் என்ற பயம்.

அங்கே எழுதப்பட்டவற்றில் பிரம்மஜால சூத்திரமும் ஒன்று. துறவி விலக்க வேண்டிய விளையாட்டுகளை அது அடுக்கிச் சொல்கிறது. வரிசைக்கு எட்டுக் கட்டமுள்ள பலகை, பத்துக் கட்டமுள்ள பலகை. அடுத்து ‘ஆகாசம்’ என்று ஒரு பெயர். பலகையே இல்லாமல், வெளியில் கட்டங்களைப் பாவித்துக்கொண்டு ஆடுவது என்று உரை விளக்குகிறது.

குகை வாசலில் நின்று இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மரப் பலகையில் ஆடும்போது விதி மறந்தாலும் பலகை மிஞ்சும். ஆகாயப் பலகைக்கு விதிதான் மரம். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே கோட்டைக் காண்பதற்கு, இருவரும் ஒப்புக்கொண்டது ஒன்றைத் தவிர வேறு வழியில்லை. ஒருவன் கோட்டை மாற்றிவிட்டால் இருவரும் வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

4

அதே திரிபிடகத்தின் விநயப் பகுதி பிக்குகளின் சட்டம். அதிலும் கதைதான் முந்திக்கொள்கிறது. யாரோ ஒருவர் ஏதோ செய்கிறார். பேச்சு எழுகிறது. விசாரணை நடக்கிறது. அதன் பிறகே விதி வருகிறது. சில விதிகள் அடுத்தடுத்த சம்பவங்களால் திருத்தப்பட்டுமிருக்கின்றன. முதலில் அந்தச் செயலைச் செய்தவருக்கோ குற்றமில்லை. அவர் செய்தபோது விதி பிறந்திருக்கவில்லை.

இரக்கமான ஏற்பாடு என்றுதான் முன்பு நினைத்தேன். இன்று அதில் ஓர் அடக்கம் தெரிகிறது. நடக்கப்போவதையெல்லாம் முன்கூட்டியே அறிவேன் என்று இந்தச் சட்டம் சொல்லிக்கொள்வதில்லை.

5

எங்கள் தோட்டங்களில் மாசியில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றுவார்கள். ரதிக்கும் மதனுக்கும் வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள். தப்பு அதிர அதிர இரவு நீளும். முடிவு எல்லோருக்கும் தெரியும். சிவன் நெற்றிக்கண் திறப்பார், மதன் எரிவான். இதில் கட்டைக்கு என்ன வேலை?

ஆனால் விதி இருக்கிறது. அது கதையைக் கட்டவில்லை, ஆளைக் கட்டுகிறது. என்ன சாப்பிடலாம், எங்கே படுக்கலாம் என்று அவன் உடம்போடு பேசுகிறது. இத்தனை நாள் விரதம் காத்த ஆண் ரதியாக விழுந்து ஒப்பாரி வைக்கும்போது, முடிவு தெரிந்த பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். நேற்றுவரை கூடவே கொழுந்து நிறுத்தவன் என்று தெரிந்தும் துடைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதே காமனை வைத்து லாவணி பாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி. மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியக் கேள்வியும் பதிலும். எதிராளியின் கேள்விக்குப் பாட்டாலேயே பதில் சொல்ல வேண்டும். எரிந்தானா என்று கட்டையை உருட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும், லாவணியும் அதோடு முடிந்துவிடும். சில விதிகள் கேள்வியை முடித்துவைக்கின்றன. சில விதிகள் கேள்வியை முடியவிடாமல் காக்கின்றன.

6

இன்று பின்னேரம் பெரியவள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பேனையால் எழுதி, கீழே கோடும் போட்டாள்: ‘கயிறு கட்டியிருந்தால் உருட்டத் தேவையில்லை.’ ஆற்றில் நடந்தது இப்போது சட்டம். அண்ணனிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள்.

கதை திரும்பவும் ஆற்றங்கரைக்கு வந்தது. அவள் கொப்பியைத் திறந்து காட்டினாள். அவனும் தலையாட்டினான்.

சின்னவன் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கொடியில் எடுக்க மறந்த துவாய் மழையில் நனைந்து தொங்கியது.

“அண்ணா, ரெண்டு நாளா அந்தக் கயிறு தண்ணியிலதானே கிடந்துச்சு?”

யாரும் பேசவில்லை. பெரியவள் கொப்பியைப் பார்த்தாள். அவன் கையை நீட்டி, மேசை ஓரத்தில் கிடந்த கட்டையை எடுத்தான்.